மாநிறத்துக்கு ஒத்துப்போகும் மேக்கப்: மகளுக்கு முதல் தடவையாக வாங்குகிறேன், எதில் ஆரம்பிப்பது?

ஹூஸ்டன் அம்மா

வணக்கம். நாங்கள் இருப்பது ஹூஸ்டன் பக்கத்தில், ஷுகர் லேண்டில். மகளுக்கு 14 வயது. போன கோடையில் அவளுடைய பரதநாட்டிய அரங்கேற்றம் நடந்தது, ஏழு வருஷத்து உழைப்பு. அன்றைக்குக் காலையில் மேக்கப் போட வந்தவர் அவள் நிறத்தைவிட மூன்று படி வெளுப்பான ஃபவுண்டேஷனை முகம் முழுக்கப் பூசி, அதற்கு மேல் பவுடரையும் அடித்துவிட்டார். மேடை லைட்டில் எல்லாம் சரியாகிவிடும் என்றார். பூ வரவில்லை, மிருதங்கக்காரர் வழி தெரியாமல் எங்கோ நிற்கிறார் என்று ஆயிரம் அவசரம், நானும் விட்டுவிட்டேன்.

ஆல்பம் வந்தது. அதில் ஒரு படம், முகத்துக்குப் பக்கத்தில் அலபத்ம முத்திரை பிடித்திருக்கிறாள். அல்தா என்ற சிவப்புச் சாயம் வைத்த விரல்கள், கை நல்ல காப்பிக்கொட்டை நிறம், முகம் மட்டும் சாம்பல் தடவியது போல. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல என் கை மட்டும்தாம்மா நான்" என்றாள். அந்தப் படத்தை இன்னும் ஹாலில் மாட்டவில்லை.

இப்போது பள்ளியில் ஒரு நடன விழா வருகிறது, லேசாக மேக்கப் வேண்டும் என்கிறாள். ஊரிலிருந்து பெரியம்மா வாட்ஸ்அப்பில் ஏதோ ஒரு க்ரீமின் படத்தை அனுப்பி, "இப்பவே ஆரம்பிச்சா கல்யாண வயசுக்குள்ள பளிச்னு ஆயிடும்" என்று எழுதியிருக்கிறார். நான் திருநெல்வேலியில் வளர்ந்தவள். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று என்னைப் பார்த்துச் சொல்லாத அத்தை கிடையாது. அந்த "இருந்தாலும்" என் மகள் காதில் விழக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன்.

அவள் தீபிகா முத்யாலா என்பவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். லைவ் டின்டட் என்ற மேக்கப் கம்பெனியை ஆரம்பித்த தெலுங்குப் பெண், வளர்ந்தது இதே ஷுகர் லேண்ட் என்பதால் அவளுக்கு ஒரு சொந்தம். 2022ல் மேட்டல் கம்பெனியோடு சேர்ந்து ஜிமிக்கியும் வளையலும் போட்ட, நம் நிறத்து பார்பி ஒன்றையும் கொண்டுவந்தார். நான் கேட்பது இதுதான்: இப்படிப் பழுப்புத் தோலுக்கென்றே செய்கிறோம் என்று சொல்கிறார்களே, அதில் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா, வெறும் விளம்பரமா? பதினாலு வயதுப் பெண்ணுக்கு எது போதும்? கடையில் அந்த வரிசைக்கு முன்னால் நின்றால் எனக்குத் தலை சுற்றுகிறது.

மதுரை மணப்பெண் அலங்காரம்

அக்கா, அந்தக் கை வார்த்தையைப் படித்ததும் எனக்கு மனசு என்னவோ செய்தது, ஏனென்றால் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே தப்பைச் செய்திருக்கிறேன். அப்போது மதுரையில் கடைக்குப் போனால் நாலு ஷேட் இருக்கும், அதில் கடைசி ஷேட்டே நம் பெண்களுக்கு வெளுப்பு. பெண்ணின் அம்மா வேறு பின்னால் நின்றுகொண்டு "ரெண்டு ஷேட் ஏத்திப் போடும்மா, மாப்பிள்ளை வீடு சிவப்பு" என்பார். ஏற்றிப் போடுவோம். முகூர்த்தத்துக்குள் வியர்த்து, தாலி கட்டும் நேரத்தில் கழுத்து ஒரு நிறம் முகம் ஒரு நிறமாக நிற்கும். இன்றைக்கும் அந்த அம்மாக்கள் வருகிறார்கள். நான் பெண்ணின் தாடையில் ஒரு பக்கம் அவள் நிறத்திலும் மறுபக்கம் ஏற்றியும் போட்டு, ஜன்னல் பக்கம் கூட்டிப்போய், போனில் படம் எடுத்துக் காட்டிவிடுவேன். அதற்குப் பிறகு ஏற்றச் சொல்பவர்கள் ரொம்பக் குறைவு.

பாப்பாவுக்கு ஃபவுண்டேஷனே வேண்டாம். பதினாலு வயசுத் தோலை மூடி என்ன செய்யப் போகிறோம்? கண்ணுக்குக் கீழே கருப்பாக இருக்கிறது என்று அவள் நினைத்தால் ஒரு கரெக்டர், அதற்கு மேல் தோல் நிறத்திலேயே மறைக்கிற கன்சீலர் துளி, கண்ணுக்கு மை, உதட்டுக்கு ஏதாவது. முடிந்தது.

கரெக்டர் எதற்கு என்று கேட்பீர்கள். நம் தோலில் கருவளையம் நீலமும் சாம்பலும் கலந்த மாதிரி தெரியும். அதன் மேல் நேராக வெளிர் கன்சீலரை வைத்தால் நீலம் போகாது, வெளிறிய சாம்பலாகத்தான் மாறும். நீலத்தை அடக்குவது அதற்கு எதிர் நிறமான ஆரஞ்சு. மாநிறத்துக்கு ஆரஞ்சு, இன்னும் கறுத்த நிறத்துக்குச் செங்கல் சிவப்பு, வெளுத்தவர்களுக்கு பீச். அரிசி அளவு போதும், மோதிர விரலால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. நீங்கள் சொல்கிற அந்தப் பெண் 2015 ஜனவரியில் சிவப்பு லிப்ஸ்டிக்கைக் கண்ணுக்கடியில் தடவிக் காட்டிய வீடியோதான் அவரைப் பிரபலமாக்கியது, கோடிப் பேருக்கு மேல் பார்த்துவிட்டார்கள். மேடை, சினிமா மேக்கப்பில் இருப்பவர்களுக்கு இந்த வித்தை பழசு. ஆனால் வீட்டில் கிடக்கும் ஒரு லிப்ஸ்டிக்கை வைத்து, தன் கருவளையத்தையே மறைக்காமல் காட்டி ஒருவர் சொல்லிக்கொடுத்ததும்தான் அது எல்லார் வீட்டுக்கும் போனது. என் ஸ்டூடியோவுக்கு வரும் பெண்கள் அந்த வீடியோவைக் காட்டி "அக்கா இது நிஜமா" என்று கேட்ட காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் ஒன்று. ஷேட் பார்க்கும்போது புறங்கையில் போட்டுப் பார்க்காதீர்கள், தாடையும் கழுத்தும் சேரும் இடத்தில் போடுங்கள். போட்டதும் முடிவு செய்யாமல் ஒரு மணி நேரம் ஊர் சுற்றிவிட்டு வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். எண்ணெய்ப் பசை சேர்ந்து ஒரு படி கறுக்கும், அந்தக் கறுத்த நிறம் பொருந்தினால்தான் அது உங்கள் ஷேட்.

நிறமி ஆள், நியூ ஜெர்சி

நான் வேலை பார்ப்பது மேக்கப் சாமான்களுக்கு நிறம் கலக்கும் லேபில். வித்தியாசம் இருக்கிறதா என்ற கேள்விக்கு என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஃபவுண்டேஷனில் நிறம் தருவது பெரும்பாலும் நாலே நாலு பொருள். டைட்டானியம் டை ஆக்சைடு வெள்ளை. இரும்பு ஆக்சைடில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு. அவ்வளவுதான், உலகத்திலுள்ள ஷேட் எல்லாம் இந்த நாலின் அளவு மாற்றம். பழைய பழக்கம் என்னவென்றால், வெளிர் தோலுக்கு ஒரு ஃபார்முலாவைச் செய்து முடித்துவிட்டு, அதில் கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி "டீப்" என்று பெயர் வைப்பது. அடியில் அந்த வெள்ளை அப்படியே இருக்கும். வெள்ளையும் கறுப்பும் சேர்ந்தால் என்ன வரும்? சாம்பல். உங்கள் மகள் முகத்தில் பார்த்தது வெளுப்பான ஷேட் என்றாலும், சரியான ஆழத்தில் வாங்கியிருந்தால்கூடப் பல பிராண்டுகளில் இதே சாம்பல் எட்டிப்பார்க்கும். நம் நிறத்துக்கு வெள்ளையை முதலில் குறைக்க வேண்டும், மஞ்சளையும் சிவப்பையும் தாராளமாக விட வேண்டும், கறுப்பைத் தொட்டும் தொடாமலும் வைக்க வேண்டும். வெள்ளையைக் குறைத்தால் மூடும் தன்மையும் ஓட்டமும் மாறும், ஆகவே ஃபார்முலாவையே திரும்ப உட்கார்ந்து செய்ய வேண்டியிருக்கும். அந்த உழைப்பைப் போட்டார்களா இல்லையா என்பதுதான் நல்ல சாமானுக்கும் விளம்பரத்துக்கும் உள்ள தூரம்.

இதில் காசு விஷயமும் உண்டு. ஒவ்வொரு ஷேட்டும் தனித் தயாரிப்பு, தனிப் பாட்டில், கடையில் தனி இடம். விற்காது என்று முன்கூட்டியே தீர்மானித்து, கறுத்த ஷேட்களைச் செய்யாமலே விட்டார்கள், செய்ததையும் எல்லாக் கடைக்கும் அனுப்பவில்லை. மாடல் இமான் என்ற பெண் 1994லேயே கறுத்த தோல்களுக்கென்று தனி பிராண்ட் ஆரம்பித்தார். ஆனால் பெரிய கம்பெனிகளைக் குலுக்கியது 2017 செப்டம்பரில் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி ஒரே நாளில் 40 ஷேட்களோடு இறங்கியதுதான்.

தீபிகா முத்யாலா செய்ததில் எனக்குப் பிடித்தது அவர் எங்கே தொடங்கினார் என்பது. 2018ல் லைவ் டின்டட் வந்தபோது விற்க ஒரு சாமானும் இல்லை, நம் மாதிரி நிறத்துக்காரர்கள் கூடிப் பேசும் இடமாக மட்டும் இருந்தது. என்ன வேண்டும் என்று அங்கேயே கேட்டார், கருவளையமும் கரும்புள்ளிகளும் திரும்பத் திரும்ப வந்தன. அதற்குத்தான் 2019ல் ஹ்யூஸ்டிக். கண்ணுக்கடியில் கரெக்டராகவும், கன்னத்துக்கும் உதட்டுக்கும் நிறமாகவும் ஆகிற ஒரே குச்சி. என் கணக்கில் இது கெட்டிக்காரத்தனம். ஃபவுண்டேஷனில் கை வைத்திருந்தால் முதல் நாளே முப்பது நாற்பது ஷேட் வேண்டும், சின்னக் கம்பெனி தாங்காது. கரெக்டர் அப்படியில்லை, நாலைந்து நிறம் இருந்தாலே பலருக்கு ஒத்துப்போகும்.

சன்ஸ்கிரீன் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பதினாலு வயதுக்கு மேக்கப்பைவிட அதுதான் முக்கியம். மினரல் சன்ஸ்கிரீனில் இருப்பது ஜிங்க் ஆக்சைடும் அதே டைட்டானியமும், அதனால்தான் நம் முகத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி நிற்கிறது. இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் வாங்குங்கள். வெள்ளை தெரியாது என்பது ஒரு லாபம். இன்னொன்று, நம் போன்ற தோலை அல்ட்ராவயலட் மட்டும் கறுக்க வைப்பதில்லை, கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமும் கறுக்க வைக்கும், மங்கு இருந்தால் அதிகமாக்கும். அதைத் தடுப்பதில் இரும்பு ஆக்சைடுக்கு நல்ல பங்கு உண்டு. தோல் மருத்துவத்தில் எங்கும் புழங்குகிற ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975ல் வந்தபோது வெள்ளைத் தோல்களை மட்டும்தான் வகை பிரித்தது. பழுப்பும் கறுப்பும் பிறகு சேர்த்த வகைகள். அளவுகோலிலேயே நாம் பின்னால் வந்து சேர்ந்தவர்கள் என்றால், கடை அலமாரியில் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

ஸ்காபரோ தங்கச்சி

வணக்கம் அக்கா, நான் டொரோண்டோவில் இருந்து. வீட்டில் யாழ்ப்பாணத்து அம்மா. எங்கள் சனம் "வடிவு" என்று சொல்லும்போதே அதற்குள் வெள்ளை ஒளிந்திருக்கும், "பிள்ளை வடிவு, நல்ல வெள்ளை" என்று ஒரே மூச்சில் சொல்லுவார்கள். ஆகவே உங்கள் பிடிவாதம் எனக்கு நல்லா விளங்குது.

மற்றவர்கள் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் ஒரு விஷயத்தைத் திறந்து சொல்ல வேண்டும். தெற்காசிய அழகு என்று வருகிற விளம்பரங்கள் பலவற்றில் நான் பார்ப்பது கோதுமை நிறத்து முகங்கள்தான். பழுப்பு என்ற ஒரே சொல்லுக்குள் பஞ்சாபும் இருக்கிறது, மட்டக்களப்பும் இருக்கிறது. என்னுடைய நிறம் நல்ல கறுப்பு. "பழுப்புத் தோலுக்கு" என்று போட்டிருக்கும் சில பிராண்டுகளில் என் ஷேட் இல்லாமலே போயிருக்கிறது, கடைசியில் கறுப்பினப் பெண்கள் தொடங்கிய பிராண்டில் போய் வாங்கினேன். அதிலும் சிவப்பு தூக்கலாக இருக்கும், நமக்குள்ள அந்த ஒலிவ் மஞ்சள் வராது, இரண்டைக் கலந்துதான் போடுகிறேன். ஆகவே பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், கடைசி நாலு ஷேட்டைப் பாருங்கள். அங்கே எத்தனை பேருக்கு இடம் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

விலையும் இருக்கிறது. ஒரு குச்சி இருபது டொலருக்கு மேல். இங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பரவாயில்லை, ஊரில் இருக்கிற என் மச்சாளுக்கு அது எட்டாத சாமான்.

ஆனாலும் இந்தப் பெண்கள் வந்ததில் எனக்குப் பெரிய சந்தோசம். பிரியங்கா கஞ்சூ என்பவர் பெரிய அழகுசாதனக் கம்பெனிகளில் வேலை செய்துவிட்டு 2021ல் குல்ஃபி என்று ஒன்று தொடங்கினார், முதல் சாமானாக அவர் எடுத்தது கண்மை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அம்மா கண்ணுக்கு மை பூசி விட்டால் பஸ்சுக்குள் ஏறின உடனே கைலேஞ்சியால் துடைத்துவிடுவேன், பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று. இப்போது அதே கண்மையை சிஃபோரா என்ற பெரிய மேக்கப் கடையில் வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். முதல் நாள் அதைக் கண்டபோது நான் வாங்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மகளிடம் இதையும் சொல்லுங்கள்: சங்கப் பாட்டுகளில் பெண்ணின் அழகு நிறத்துக்கு "மாமை" என்று பெயர், மாந்தளிரின் நிறம். பிரிவால் வாடி நிறம் வெளுத்தால் அதற்குப் பசலை என்று பெயர், அதை நோயாகத்தான் பாடினார்கள். தமிழ்ப் பள்ளியில் எங்களுக்கு இதை ஒருவரும் சொல்லித்தரவில்லை, நான் அறிந்தபோது எனக்கு இருபத்தாறு வயது.

கோவை மருந்துக்கடை

பெரியம்மா அனுப்பிய க்ரீமைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். தயவுசெய்து வேண்டாம். என்ன பிராண்ட் என்றே கேட்க மாட்டேன். சீக்கிரம் வெளுக்க வைக்கும் க்ரீம் என்றால் அதில் பெரும்பாலும் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கும். பக்கத்தில் கேரளாவில், மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்களில் சிலருக்கு விசாரித்துப் பார்த்ததில் வெள்ளையாக்கும் க்ரீம் பழக்கம்தான் பொதுவாக இருந்தது. 2023ல் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை "ஆபரேஷன் சௌந்தர்யா" என்று கடை கடையாகச் சோதனை போட்டது, அளவுக்கு மீறின பாதரசம் உள்ள சரக்குகளைப் பிடித்தார்கள். ஸ்டீராய்டு இருந்தால் முதல் ஒரு மாதம் பளபளக்கும், பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பருவும் பூனைமுடியும் வரும், நிறுத்தினால் எரியும். என் கவுண்டருக்கு முன்னால் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அதே ட்யூபைக் கேட்டு நிற்கிற பெண்பிள்ளைகளை வாரத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். கொடுக்க மாட்டேன், டாக்டரிடம் அனுப்புவேன். பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

1975ல் வந்த அந்தப் பிரபலமான க்ரீமே 2020ல் பெயரிலிருந்து "ஃபேர்" என்ற வார்த்தையை எடுத்துவிட்டது. பெரியம்மாவுக்கு அதைச் சொல்லிப் பாருங்கள்.

ஹூஸ்டன் அம்மா

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொரு பதிலையும் மகளும் நானும் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். அவளுக்குத் தமிழ் வாசிக்க நேரமாகும், மாமை வரும் இடத்தை மட்டும் இரண்டு தடவை தானே எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

சனிக்கிழமை உல்டா என்ற மேக்கப் கடைக்குப் போனோம். மதுரைத் தங்கை சொன்னபடி தாடையில்தான் போட்டுப் பார்த்தோம். கண்ணுக்கடியில் ஒரு பக்கம் மட்டும் அந்த ஆரஞ்சுக் குச்சியை அரிசி அளவு ஒற்றி, மேலே கன்சீலர் வைத்தோம், இன்னொரு பக்கம் கன்சீலர் மட்டும். பக்கத்துக் கடையில் ஐஸ்க்ரீம் சாப்பிட்டுவிட்டு, பார்க்கிங்கில் வெயிலில் கார்க் கண்ணாடியைக் கீழே இறக்கி அவள் முகத்தைப் பார்த்தேன். கன்சீலர் மட்டும் வைத்த பக்கம் சாம்பலாக ஒரு பிறை தெரிந்தது. இந்தப் பக்கம் ஒன்றுமே போடாத மாதிரி இருந்தது, அவளுடைய நிறம் மட்டும். திரும்ப உள்ளே போய் வாங்கிவிட்டோம். நிறமுள்ள சன்ஸ்கிரீனும் ஒன்று வாங்கினேன், எனக்கும் சேர்த்து. ஃபவுண்டேஷன் வாங்கவில்லை, அவளே வேண்டாம் என்றாள்.

ஸ்காபரோ தங்கச்சி சொன்ன கடைசி நாலு ஷேட் விஷயத்தை அவள் விடவில்லை. வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு பிராண்டிலும் கடைசிச் சாம்பிளை எடுத்துத் தன் மணிக்கட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள், வீட்டுக்கு வரும்போது முழங்கை வரைக்கும் கோடு. மூன்று பிராண்டுகளில் கடைசிக் கோடே அவளைவிட வெளுப்பு.

பெரியம்மாவுக்குப் போன் போட்டு மலப்புரம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் தானே அந்த க்ரீமைச் சொல்லியிருப்பதாகவும், இப்போதே போய்ச் சொல்லிவிட்டு வருவதாகவும் சொல்லி வைத்துவிட்டார்.

நிறமி ஆளிடம் ஒரு சந்தேகம்: நேற்று அந்தக் குச்சியைக் காரிலேயே விட்டுவிட்டாள், இங்கே இன்னும் வெயில் குறையவில்லை, உருகி மூடிக்குள் சரிந்துவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

நிறமி ஆள், நியூ ஜெர்சி

வேண்டாம், மெழுகும் எண்ணெயும்தானே. மூடியைக் கழற்றாமல் நேராக நிறுத்தி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இறுகியதும் வாசனை மாறியிருக்கிறதா, மேலே எண்ணெய் துளித்துளியாகப் பிரிந்து நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் மேல்பகுதியை டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டுத் தாராளமாகப் போடலாம். மணலாக நெருடினால் மட்டும் கண் பக்கம் வேண்டாம், கன்னத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.